எல் நிடோவில் ஒரே ஒரு நாள்: எந்தப் படகில் ஏறுவது?

பிலிப்பைன்ஸின் பலவான் தீவு வடக்கே முடியும் இடத்தில் இருக்கும் சிறிய கடலோர ஊர் எல் நிடோ. இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே மாதிரியான பலகைகள்தான் கண்ணில் படும்: டூர் ஏ, டூர் பி, டூர் சி, டூர் டி. ஊரில் எத்தனை பயண அலுவலகங்கள் இருந்தாலும் அவர்கள் விற்பது இந்த நான்கு சுற்றுகளைத்தான். காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, பகுயிட் விரிகுடாவில் நாலைந்து இடங்களில் நின்று, மதியச் சாப்பாட்டைப் படகிலேயே முடித்து, மாலை நான்கைந்து மணிக்குக் கரை திரும்புவார்கள். நான்குக்கும் இடையே விலை வித்தியாசம் சில நூறு பெசோதான். அதனால் பணத்தை வைத்து முடிவு செய்ய எதுவும் இல்லை. இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், படத்தில் பார்த்தால் நான்குமே ஒரே மாதிரி இருக்கும். கருஞ்சாம்பல் நிறப் பாறை, பச்சை கலந்த நீலத் தண்ணீர், வெள்ளை மணல். விரிகுடாவில் சின்னதும் பெரியதுமாக 45 தீவுகள் வரை இருக்கின்றன. பாதிக்கு மேல் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. இந்தப் பாறைகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. மழை கரைத்துக் கரைத்து மேல்பக்கம் ஊசி ஊசியாக நிற்கும். அடியில், தண்ணீர் தொடும் மட்டத்தில், அலை அரித்து உள்வாங்கியிருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மலை தண்ணீரின் மேல் சற்றே குனிந்து நிற்பதுபோல் தெரியும். எந்தச் சுற்றில் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். ஆகவே "எது அழகு" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியவை இரண்டுதான். உங்களோடு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது?

நீச்சலை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களில் பெரியவர்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் முழங்கால் வரை நனைத்துவிட்டு வருவதுதான் பழக்கம். ஐரோப்பியப் பயணிகள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு அதே சுற்றில் ஏறினால், அவர்கள் பாறை இடுக்கில் நீந்தி உள்ளே போகும்போது நம் வீட்டு ஆட்கள் படகிலேயே உட்கார்ந்திருப்பார்கள். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் தருவார்கள், அது இருந்தால் மிதக்கலாம். ஆனால் மிதப்பது வேறு, அலையடிக்கும் தண்ணீரில் ஐம்பது மீட்டர் போய்த் திரும்புவது வேறு.

டூர் ஏ

அதிகக் கூட்டம் போவது இதில்தான். முக்கியமான இடங்கள் மினிலாக் தீவில் இருக்கின்றன: பிக் லகூன், ஸ்மால் லகூன், சீக்ரெட் லகூன். லகூன் என்றால் பாறைகள் சூழ்ந்து நிற்கும் கடல்நீர்க் குளம். இவற்றோடு ஷிமிசு தீவும் செவன் கமாண்டோஸ் கடற்கரையும் வரும். ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் மினிலாக் போய்விடலாம்.

பிக் லகூனுக்குள் பெரிய படகு போகாது. வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இரண்டு பேர் உட்காரும் கயாக் என்ற சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு துடுப்புப் போட்டு உள்ளே போக வேண்டும். இங்கேதான் ஏ சுற்று நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு வரமாக ஆகிறது. வாயிலில் ஆழம் குறைவு. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் துடுப்பு மணலைத் தட்டும், கீழே பவளமும் மீனும் தெளிவாகத் தெரியும். அதைத் தாண்டினால் தண்ணீர் சட்டென்று ஆழமாகிக் கரும்பச்சைக்கு மாறும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதன் விரிசல்களில் வேர்விட்டு வளர்ந்த மரங்கள். வெளிக்கடலில் எவ்வளவு அலை இருந்தாலும் உள்ளே குளம் மாதிரிதான். துடுப்புப் போடவே தெரியாதவர்கள் கூட ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள். தயக்கமாக இருந்தால் துடுப்புப் போட ஒரு ஆளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்மால் லகூனின் சுகம் அதன் வாயிலில் இருக்கிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கயாக் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி. எதிரே ஒரு கயாக் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, பாறையைக் கையால் தள்ளித் தள்ளி உள்ளே போவார்கள். பாறை கூர்மையானது, கை கிழியும். விரல்களை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

ஒரே நாளில் இந்த இரண்டுக்கும் கூட்டிப்போவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2018-இல் பிலிப்பைன்ஸின் இன்னொரு சுற்றுலாத் தீவான போரகாயைச் சுற்றுச்சூழல் கெட்டதால் ஆறு மாதம் மூடியபோதே எல் நிடோவையும் அரசு கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியது. பிக் லகூனில் ஒரு நேரத்தில் 60 பேர், ஸ்மால் லகூனில் 30 பேர் என்று வரம்பு வந்தது. அதற்குப் பிறகு பல படகுகள் இரண்டில் ஒன்றுக்குத்தான் அழைத்துப் போகின்றன. எனக்கு இந்த வரம்பு மிகவும் பிடித்திருக்கிறது. பவளத்தின் மேல் நங்கூரம் விழுவதும், நூறு பேர் ஒன்றாகத் தண்ணீரைக் கலக்குவதும் இந்த மாதிரி மூடிய நீர்நிலையைச் சீக்கிரமே கொன்றுவிடும். முன்பதிவு செய்யும்போதே "பிக்கா, ஸ்மாலா?" என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் பிக் லகூன். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு ஸ்மால் லகூன் இன்னும் இனிக்கும்.

ஏ சுற்றின் குறை கூட்டம்தான். பத்து மணிக்கெல்லாம் கயாக்குகள் வரிசை கட்டிவிடும். சீக்ரெட் லகூனில் நுழைவதே பாறையில் உள்ள ஒரு துளை வழியாக. உள்ளே இருக்கும் இடம் சிறியது. அதைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் அதற்குள் நிற்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும். செவன் கமாண்டோஸ் கடைசி நிறுத்தம். தென்னை, இளநீர், நீண்ட மணல். களைப்பாறத் தோதான இடம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டூர் சி

எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான். அதனாலேயே இதைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சி சுற்று விரிகுடாவின் மேற்கு விளிம்பில் இருக்கும் மட்டின்லாக், டபியுட்டன் தீவுகளுக்குப் போகிறது. ஹிட்டன் பீச், சீக்ரெட் பீச், ஸ்டார் பீச், பிறகு டிலுமகாட் என்ற தீவு. தூரத்திலிருந்து பார்த்தால் இது ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும், அதனால் எல்லாரும் ஹெலிகாப்டர் தீவு என்றே சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு அப்பால் திறந்த கடல்தான். காற்றும் அலையும் முதலில் வந்து மோதுவது அங்கே. விரிகுடா முழுவதும் அமைதியாக இருக்கும் நாளில் கூட, மட்டின்லாக் பக்கம் படகு தூக்கிப் போடும். போகும் நேரமும் அதிகம். கடல் மயக்கம் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. நடுவழியில் போட்டால் பயன் இல்லை.

சீக்ரெட் பீச் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறைச் சுவர். அதில் ஒரு இடுக்கு. படகு கொஞ்சம் தள்ளி நிற்கும், குதித்து நீந்தி அந்த இடுக்கு வழியாக உள்ளே போக வேண்டும். அலை உள்ளே தள்ளும், அடுத்த நொடி வெளியே இழுக்கும். படகுக்காரர் இடுக்கின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டு அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு பெரிய அலை கடந்ததும் கையைக் காட்டி "இப்போ வா" என்பார். அப்போதுதான் போக வேண்டும். உள்ளே போய்விட்டால் நாலு பக்கமும் பாறை, மேலே வட்டமாக வானம், கீழே சின்ன மணல் திட்டு. வெளியே அலை பாறையில் அறையும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடத்துக்கு ஈடாக ஏ சுற்றில் ஒன்றும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் நீந்தத் தெரியாதவரை லைஃப் ஜாக்கெட் போட்டு அந்த இடுக்கில் தள்ளுவது சரியில்லை. அலை பலமாக இருந்தால் படகுக்காரரே வேண்டாம் என்பார். அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

ஹிட்டன் பீச் அவ்வளவு கடினம் இல்லை. பாறைகள் முன்னால் மறைத்து நிற்பதால் வளைந்து உள்ளே போகும்வரை கடற்கரை இருப்பதே தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்விடலாம். தரை முழுக்கக் கல்லும் முள்ளெலிபோல் சிலிர்த்து நிற்கும் கடல் முள்ளிகளும் இருக்கும். ரப்பர் செருப்பு போதாது, காலைப் பிடித்து நிற்கும் தண்ணீர்க் காலணி வேண்டும். ஊர்க் கடைகளிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாய் போட்டு மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சி-தான். ஹெலிகாப்டர் தீவு ஓரமும் ஸ்டார் பீச் பக்கமும் தண்ணீர் தெளிவு, பவளம் ஓரளவு நன்றாக இருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் பச்சை ஆமையும் வரும். பவளத்தின் மேல் காலை ஊன்றி நிற்காதீர்கள். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதந்தபடி ஓய்வெடுங்கள். ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும்.

பி, டி: யாரும் அதிகம் பேசாத இரண்டு

பி சுற்றின் நாயகம் ஸ்னேக் தீவு. விகான் என்றும் சொல்வார்கள். தண்ணீர் வற்றும்போது கடலுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு மணல் பாதை எழும்பி வரும். ஓரமாகச் சதுப்புநிலக் காடு. கணுக்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு பக்கமும் கடல் இருக்க நடந்து போகலாம். பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஒன்றாக இறங்கி நடக்கக்கூடிய இடம் இந்த நான்கு சுற்றிலும் இதுபோல் இன்னொன்று இல்லை. ஆனால் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் மணலே தெரியாது, வெறும் வெளிர்நிறத் தண்ணீர்தான். ஆகவே பி எடுக்க நினைத்தால் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள். கைபேசியிலேயே கிடைக்கும். நீர் வற்றும் நேரம் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே வந்தால் எடுங்கள். விடிகாலையிலோ இரவிலோ வந்தால் வேறு சுற்றுக்கு மாறிவிடுங்கள்.

பி-யில் குடுங்னன் குகையும் உண்டு. குனிந்து தவழ்ந்து ஒரு சின்ன வாய் வழியாக உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் மேலே திறப்பிலிருந்து வெளிச்சம் சாய்ந்து விழும். பழங்கால மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம் இது. அங்கே சத்தம் போடாமல் இருப்பது மரியாதை. முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியே உட்காரலாம். பினக்புயுட்டன் தீவு தனியாகச் செங்குத்தாக நிற்கும் பெரிய பாறை, அடிவாரத்தில் தென்னையும் வெள்ளை மணலும். புகைப்படம் எடுக்கிறவர்கள் இங்கேயிருந்து கிளம்ப மனம் வராமல் நிற்பார்கள்.

டி சுற்று ஊருக்கு எதிரே தெரியும் கட்லாவ் தீவைச் சுற்றியே நடக்கிறது. விரிகுடாவில் மிகப் பெரிய தீவு அது. சுமார் 600 மீட்டர் உயரம் இருக்கும். படகில் பத்து இருபது நிமிடத்தில் முதல் நிறுத்தம் வந்துவிடும். கட்லாவ் லகூன், பசந்திகன், பேரடைஸ், நாட்நாட் கடற்கரைகள். லகூன் அமைதியானது, பிக் லகூன் அளவுக்குப் பிரமிப்பு இல்லை. ஆனால் கூட்டமும் இல்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், வயதானவர்களோடு போகிறவர்களுக்கும், கடல் மயக்கத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் நான் டி-யைத்தான் சொல்வேன். யாருக்காவது முடியவில்லை என்றால் அரைமணிக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம் அன்றைய நாளையே மாற்றிவிடும்.

கடல் சொல்வது

டிசம்பரிலிருந்து மே வரை நல்ல பருவம். வடகிழக்குக் காற்று அடிக்கும்போது பலவான் நிலப்பகுதியே விரிகுடாவுக்கு ஓரளவு தடுப்பாக நிற்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக விரிகுடாவின் திறந்த வாயில் அடிக்கும். அந்த மாதங்களில் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும் நாட்கள் உண்டு. முதலில் நிற்பது பெரும்பாலும் சி சுற்றுதான், அது வெளிவிளிம்பில் இருப்பதால். ஏ, டி சுற்றுகள் சில நாட்களில் தப்பித்துவிடும்.

இதிலிருந்துதான் வரிசையை முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு நாள் இருந்தால் பெரும்பாலோர் ஏ-யை முதலிலும் சி-யை அடுத்த நாளிலும் வைப்பார்கள். நான் தலைகீழாக வைக்கச் சொல்வேன். சி-யை முதல் நாள் வையுங்கள். காற்று அடித்து ரத்தானாலும் மறுநாள் முயற்சி செய்ய இடம் இருக்கும். ஏ-யைக் கடைசியில் வைத்தால் அது நடந்துவிடும் வாய்ப்பு அதிகம். மறுநாள் விமானம் இருக்கும்போது முந்தின நாளைச் சி-க்கு ஒதுக்குவது சூதாட்டம்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் புனித வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பிலிப்பைன்ஸ் மக்களே அப்போதுதான் குடும்பத்தோடு கடலுக்கு வருவார்கள். லகூன் வாயிலில் கயாக்குக்கே வரிசை நிற்கும்.

தனிப்படகா, கூட்டுப்படகா?

கூட்டுப்படகில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இடங்களின் வரிசை படகுக்காரர் கையில். தனிப்படகு என்றால் வரிசையை நீங்களே மாற்றச் சொல்லலாம். அதிலும் ஏ சுற்றுக்குத் தனிப்படகு எடுத்து, சீக்கிரம் கிளம்பி, மற்றவர்களுக்கு முன்பே பிக் லகூனில் நுழைவது கொடுத்த பணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பலன். இரண்டு பேருக்குத் தனிப்படகு எட்டாத விலை. ஆறேழு பேர் சேர்ந்தால் தலைக்கு வரும் கூடுதல் அவ்வளவு பெரிதில்லை. குழந்தைகளோடு இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் தனிப்படகு எடுங்கள். சி சுற்றுக்கு இந்தச் செலவு அவ்வளவு அவசியமில்லை, அங்கே கூட்டம் குறைவு.

எந்தப் படகானாலும் அது பங்கா என்று சொல்லும் மரப்படகுதான். இரண்டு பக்கமும் மூங்கில் கைகள் நீட்டியிருக்கும், அவைதான் கவிழாமல் தாங்குபவை. கரைக்குப் பக்கத்தில் வராது. ஊர்க் கடற்கரையிலேயே தொடையளவுத் தண்ணீரில் நடந்து போய் ஏணியில் ஏற வேண்டும். புடவை கட்டிய அம்மாவுக்கு இது கஷ்டம். முதல் நாளே முழுக்கால் சட்டையோ சல்வாரோ தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைபேசி, கடவுச்சீட்டு எல்லாம் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

மதியச் சாப்பாடு படகின் பின்பக்கத்தில் கரியடுப்பில் தயாராகும். சுட்ட மீன், பன்றி இறைச்சி, கோழி, சோறு, தக்காளி வெள்ளரி, தர்பூசணி, வாழைப்பழம். தொட்டுக்கொள்ள சோயா சாஸில் பிழிந்த கலமன்சி எலுமிச்சை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டும், "மீன் சாஸும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் காய்கறி வதக்கித் தருவார்கள். சொல்லாமல் போனால் சோறும் பழமும்தான் மிஞ்சும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் படகில் கொண்டுபோகத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். சுற்றுச்சூழல் கட்டணம் தனி. ஒருமுறை கட்டினால் பத்து நாள் செல்லும், ரசீதைத் தொலைக்காதீர்கள். கயாக் வாடகை, லகூன் நுழைவு எல்லாம் ஏ-யின் விலைக்கு மேல் வரும். கையில் சில்லறை பெசோ வேண்டும், கடல் நடுவில் அட்டை எடுபடாது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2025-இல் பிலிப்பைன்ஸ் அறிவித்தது. எல் நிடோவுக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். பலவானின் தலைநகரான புவெர்ட்டோ பிரின்செசாவில் விமானத்தில் இறங்கி வேனில் வந்தால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். வந்த அன்று யாருக்கும் படகில் ஏறத் தெம்பு இருக்காது.

சரி, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்? கூட்டத்தில் ஒருவருக்காவது நீச்சல் தெரியாது என்றால் ஏ எடுங்கள், பிக் லகூன் சேர்ந்ததாக, முடிந்த அளவு சீக்கிரம் கிளம்பும் படகாக. எல்லாருக்கும் நன்றாக நீந்தத் தெரியும், காற்று இல்லை, டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் நடுவே வந்திருக்கிறீர்கள் என்றால் சி எடுங்கள். முழங்கால் வலிக்கும் பெரியவரோ பால்குடி மறக்காத குழந்தையோ கூட இருந்தால் டி. ஓதம் தோதான நேரத்தில் வற்றினால் அதே குடும்பத்துக்கு பி இன்னும் நல்லது. முந்தின நாள் மாலை அலுவலகத்தில் பணம் கட்டும்போது "நாளை காலை கடலோரக் காவல்படை சி-யை நிறுத்தினால் அதே பணத்துக்கு ஏ-க்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பலர் சரி என்பார்கள். அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.